சளி, இருமல், காய்ச்சலுக்கு எந்த மருந்து எப்போது தேவை? 'செட் மாத்திரை' முதல் இருமல் சிரப் வரை... முழு விவரம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் திண்டுக்கல், வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பகுதி மெடிக்கல் கடைகளில் மாலை நேரத்துக் கூட்டம் கூடிவிடும். "அண்ணே, சளி, காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. நாளைக்கு மில்லுக்குப் போயாகணும். பவரா ஒரு செட் மாத்திரை குடுங்க" என்ற குரலைக் கேட்காத கடையே இருக்காது. மார்க்கெட்டுக்குப் போகிறவர், தறியில் உட்காருகிறவர், பூ பறிக்கப் போகிறவர் என எல்லோருக்கும் இதே அவசரம்தான். ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் கூலி போச்சு.

ஆனால் அந்த செட்டில் இருக்கும் மாத்திரைகள் உண்மையிலேயே தேவையா? சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யுமா? குழந்தைக்கு இருமல் சிரப் கொடுக்கலாமா? எந்தக் காய்ச்சலை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு உடனே ஓட வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

இந்தச் சளி, காய்ச்சல் எதனால் வருகிறது?

மழைக்காலத்தில் வரும் சளி, தொண்டை வலி, இருமலுடன் கூடிய காய்ச்சலில் பெரும்பகுதி வைரஸால் வருவது. ஒரே பெயரில் 'வைரல் ஃபீவர்' என்று சொன்னாலும் பின்னால் பல வைரஸ்கள் இருக்கின்றன.

• ரைனோ வைரஸ்: மூக்கொழுகல், தும்மல், லேசான தொண்டை வலி. சாதாரண சளிக்கு முக்கியக் காரணம்.

• இன்ஃப்ளூயன்ஸா (எச்1என்1, எச்3என்2, பி வகை): திடீரென அடிக்கும் காய்ச்சல், கடுமையான உடல் வலி, வறட்டு இருமல்.

• ஆர்.எஸ்.வி., எச்.எம்.பி.வி.: பெரியவர்களுக்குச் சளியாகப் போய்விடும். கைக்குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் நெஞ்சில் இறங்கி மூச்சுத்திணறல் வரை கொண்டுபோகலாம்.

• அடினோ வைரஸ்: தொண்டை வலியுடன் கண் சிவத்தலும் சேர்ந்து வரலாம்.

• கொரோனா வைரஸ்: இன்றும் பரவிக்கொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலானோருக்குச் சளி, காய்ச்சலாகவே வந்துபோகிறது.

அறிகுறியை மட்டும் வைத்து இது எந்த வைரஸ் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பெரும்பாலானோருக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இன்ஃப்ளூயன்ஸா, கொரோனா தவிர மற்ற சளி வைரஸ்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் தனி மருந்து எதுவும் கிடையாது. உடலின் எதிர்ப்பு சக்திதான் வைரஸை விரட்டுகிறது. மருந்தின் வேலை, அதுவரை காய்ச்சலையும் வலியையும் தாங்கிக்கொள்ள உதவுவது.

எத்தனை நாளில் சரியாகும்?

மூன்று நாளில் சரியாகவில்லை என்றதும் டாக்டரை மாற்றுவதும், மாத்திரையை மாற்றுவதும் வழக்கமாக இருக்கிறது. வைரஸ் சளியின் இயல்பான போக்கு தெரிந்தால் அந்தப் பதற்றம் குறையும்.

காய்ச்சல் பொதுவாக 3 முதல் 5 நாள் இருக்கும். மூக்கடைப்பும் சளியும் 7 முதல் 10 நாள் வரை போகும். இருமல் மட்டும் 3 வாரம் வரைகூட இழுக்கலாம். அதாவது, ஐந்தாம் நாளில் காய்ச்சல் போய் இருமல் மட்டும் மிச்சமிருந்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. நோய் அதன் வழியில் குணமாகிக்கொண்டிருக்கிறது.

கவலைப்பட வேண்டியது வேறு மாதிரியான போக்குக்கு. காய்ச்சல் விட்டு ஓரிரு நாள் நன்றாக இருந்து, மறுபடியும் அதிகக் காய்ச்சலும் இருமலும் வந்தால், வைரஸுக்குப் பின்னால் பாக்டீரியா நிமோனியா புகுந்திருக்கலாம். அப்போது டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆன்டிபயாடிக் ஏன் வேலை செய்யாது?

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. வைரஸை அது தொடுவதுகூட இல்லை. அசித்ரோமைசின், அமாக்சிசிலின், செஃபிக்சிம் என எதைப் போட்டாலும் சாதாரண சளி ஒரு நாள்கூட முன்னதாகக் குணமாகாது.

பிறகு ஏன், "அந்த மூணு மாத்திரை போட்டேன், சரியாயிடுச்சு" என்று பலர் சொல்கிறார்கள்? இரண்டாம் நாளில் மாத்திரையைத் தொடங்கி மூன்று நாள் போட்டால் ஐந்தாம் நாள் வந்துவிடும். காய்ச்சல் தானாகவே விடும் நாளும் அதுதான். பெயர் மட்டும் மாத்திரைக்குப் போகிறது.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் ஆன்டிபயாடிக் தேவை என்பதும் தவறான நம்பிக்கை. வைரஸை எதிர்க்கும் வெள்ளை அணுக்களால்தான் சளிக்கு அந்த நிறம் வருகிறது. நிறத்தை மட்டும் வைத்து பாக்டீரியா என்று முடிவு செய்ய முடியாது.

2023 மார்ச்சில் எச்3என்2 காய்ச்சல் நாடு முழுவதும் பரவியபோது இந்திய மருத்துவச் சங்கம் இதைத்தான் சொன்னது. பருவகாலக் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம், அறிகுறிக்கான சிகிச்சை மட்டும் போதும் என்று டாக்டர்களையே கேட்டுக்கொண்டது. தேவையில்லாமல் போடும்போது வயிற்றுப்போக்கு, ஒவ்வாமை வருவது ஒருபக்கம். உடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகிப்போவது இன்னொரு பக்கம். நாளைக்கு நிஜமாகவே நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ வரும்போது அதே மாத்திரை கைகொடுக்காமல் போகும்.

ஆன்டிபயாடிக் அட்டைகளில் இருக்கும் சிவப்புக் கோடு, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கான அடையாளம். நிமோனியா, காது சீழ், தொண்டையில் பாக்டீரியா தொற்று போன்றவற்றுக்கு ஆன்டிபயாடிக் கட்டாயம் தேவைப்படலாம். அதைப் பரிசோதித்து முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

'செட் மாத்திரை'யில் என்ன இருக்கிறது?

கவரில் பெயர் தெரியாமல் வெட்டிக் கொடுக்கப்படும் நான்கைந்து மாத்திரைகளில் பெரும்பாலும் இருக்கக்கூடியவை இவை.

• பாராசிட்டமால்: காய்ச்சலுக்கும் வலிக்கும். இது சரியான மருந்துதான். ஆனால் அதே கவரில் இருக்கும் 'சளி மாத்திரை'யிலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம். தெரியாமல் இரண்டு மடங்கு உள்ளே போகும்.

• டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை: வயிற்றுப்புண், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களுக்கு ஆபத்து. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும்.

• ஒவ்வாமை மாத்திரை: மூக்கொழுகலைக் கொஞ்சம் குறைக்கும், தூக்கத்தைக் கொடுக்கும். போட்டுக்கொண்டு நைட் ஷிப்டில் மெஷின் முன்னால் நிற்பதும், பைக் ஓட்டுவதும் ஆபத்து.

• ஸ்டீராய்டு: டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்றவை. சட்டென்று தெம்பு வந்த மாதிரி இருக்கும். 'பவர் மாத்திரை' என்று பேர் வாங்கித் தருவது பெரும்பாலும் இதுதான். ஆனால் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். சர்க்கரை நோயாளிக்கு ரத்த சர்க்கரையை எகிற வைக்கும்.

ஆஸ்துமா, கடுமையான கோவிட் போன்ற நிலைகளில் ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. சாதாரண சளிக் காய்ச்சலுக்கு அதற்கு இடமில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கினால் அட்டையில் பெயர், அளவு, காலாவதி தேதி தெரியும்படி வாங்குவதும், பில் கேட்பதும் அவசியம். பெயர் தெரியாத மாத்திரையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், என்ன போட்டீர்கள் என்று கேட்கும் டாக்டருக்குச் சொல்ல பதில் இருக்காது.

"ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்று கேட்பதும் இதே ரகம்தான். சாதாரண சளிக் காய்ச்சலுக்கு ஊசியால் கூடுதல் பலன் எதுவும் கிடையாது. வாயால் சாப்பிட முடிகிறவருக்கு மாத்திரையே போதும்.

காய்ச்சலுக்கு எவ்வளவு பாராசிட்டமால்?

பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மி.கி. மாத்திரை ஒன்று, தேவைப்பட்டால் 6 மணி நேர இடைவெளியில். எப்படிப் பார்த்தாலும் 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள், தினமும் மது குடிப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக் குறைந்த அளவில்தான் எடுக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு அளவு வயதைப் பொறுத்தது அல்ல, எடையைப் பொறுத்தது. ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 12 கிலோ குழந்தைக்கு 120 முதல் 180 மி.கி. ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கூடாது. மூன்று மாதத்துக்கும் குறைவான குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் மருந்து கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றும் வருகிறது, 250 மி.கி. என்றும் வருகிறது. சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். அந்த 12 கிலோ குழந்தைக்கு 120 மி.கி. சிரப்பில் 5 மி.லி. கொடுத்தால் அது சரியான அளவு. சொட்டு மருந்தை எடுத்து அதே 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. போய்விடும். கல்லீரலைப் பாதிக்கக்கூடிய தவறு இது. பாட்டில் மாறும்போதெல்லாம் லேபிளைப் பார்க்க வேண்டும். சமையலறை ஸ்பூன் வேண்டாம், மருந்தோடு வரும் அளவு மூடியே சரி.

12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமசுலைடு மருந்து 2011-லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. வைரஸ் காய்ச்சலில் குழந்தைகளுக்கு ஆஸ்பிரினும் கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் 'ரேய்' பாதிப்பு வரலாம்.

டெங்கு சீசனில் கூடுதல் கவனம் ஏன்?

சளிக் காய்ச்சல் பரவும் அதே மழைக்காலத்தில்தான் டெங்குவும் பரவுகிறது. மூக்கொழுகல், இருமல் இல்லாமல் அதிகக் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி என்று இருந்தால் டெங்குவை நினைக்க வேண்டும். அதனால்தான் என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டுமே பாதுகாப்பானது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம்.

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் அபாய நேரம். காய்ச்சல் இறங்கியபின் கடுமையான வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் அல்லது மூக்கில் ரத்தம், மிகுந்த சோர்வு வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குழந்தைகளுக்கு இருமல் சிரப் கொடுக்கலாமா?

2025-ல் மத்தியப் பிரதேச மாநிலம் சிந்த்வாராவில் சாதாரண சளி, காய்ச்சலுக்குச் சிரப் குடித்த சின்னக் குழந்தைகள் அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறித்த அந்த 'கோல்ட்ரிஃப்' சிரப் தயாரானது தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரேசன் நிறுவனத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரியை எடுத்துச் சோதித்ததில், அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் இருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம் மட்டுமே. அக்டோபர் 1 முதல் அந்தச் சிரப்பின் விற்பனைக்குத் தமிழ்நாடு தடை விதித்தது. நிறுவனத்தின் உரிமமும் அந்த மாதமே ரத்து செய்யப்பட்டது.

2025 அக்டோபர் 3-ம் தேதி மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் எல்லா மாநிலங்களுக்கும் அறிவுரை அனுப்பியது. அதன் சாரம்:

• 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது.

• 5 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

• குழந்தைகளின் இருமல் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஓய்வு, நீராகாரம் போன்றவைதான் முதல் சிகிச்சை.

இதற்கு முன்பே, 2023 டிசம்பரில், குளோர்பெனிரமைனும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்துக் கலவையை 4 வயதுக்குட்பட்டோருக்குப் பயன்படுத்தக் கூடாது என்று லேபிளில் அச்சிட மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டிருந்தது. ஆக, நச்சு கலக்காத நல்ல சிரப்பாகவே இருந்தாலும் சின்னப் பிள்ளைகளுக்கு அதனால் பலன் குறைவு, மயக்கமும் படபடப்பும் போன்ற பக்கவிளைவுகள் அதிகம். பெரிய பிள்ளைக்கு வாங்கி மிச்சமிருக்கும் சிரப்பைச் சின்னவனுக்கு ஊற்றுவது, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன சிரப்பை வாங்குவது, இரண்டையும் அறவே நிறுத்த வேண்டும்.

கைக்குழந்தைக்கு மூக்கடைப்பு என்றால் மெடிக்கலில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுப்பதற்கு முன் மூக்கில் விட்டாலே நல்ல நிவாரணம் கிடைக்கும்.

கை வைத்தியம்: எது நல்லது, எது ஆபத்து?

மிளகு ரசம், சுக்கு மல்லிக் காபி, சூடான கஞ்சி, பனங்கற்கண்டு போட்ட பால் என வீட்டில் செய்வதில் பலவும் தொண்டைக்கு இதம் தரும், உடலில் நீர்ச்சத்தையும் காக்கும். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது தொண்டை வலியைக் குறைக்கும். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு இரவில் ஒரு ஸ்பூன் தேன் கொடுத்தால் இருமல் குறையும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தைகளுக்குத் தசைகளைச் செயலிழக்க வைக்கும் நோயைத் தரலாம்.

தவிர்க்க வேண்டியவை:

• கொதிக்கும் பாத்திரத்துடன் குழந்தைக்கு ஆவி பிடிப்பது. பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் அபாயம் அதிகம். பெரியவர்கள் நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கலாம். மூக்கடைப்பு தற்காலிகமாகக் குறையும், வைரஸ் அழியாது.

• குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

• மூக்கை வாயால் ஊதி சளி எடுப்பது. பெரியவர் வாயில் இருக்கும் கிருமி நேராகக் குழந்தைக்குப் போகும்.

• குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவது. சளி பிடித்த பிஞ்சு நுரையீரலுக்குப் புகை இன்னும் எரிச்சல் தரும்.

• கற்பூரத்தையோ கற்பூரம் கலந்த தைலத்தையோ 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தடவுவது. கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரலாம்.

ஆன்டிவைரல் மாத்திரை யாருக்குத் தேவை?

இன்ஃப்ளூயன்ஸாவுக்கு ஒசெல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். எல்லோருக்கும் அது தேவையில்லை. எச்1என்1 காலத்திலிருந்து இந்தியாவில் நோயாளிகளை மூன்று பிரிவாகப் பார்க்கிறார்கள்.

ஏ பிரிவு: லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி. பரிசோதனையும் வேண்டாம், ஒசெல்டாமிவிரும் வேண்டாம். வீட்டில் ஓய்வும், 24 முதல் 48 மணி நேரக் கண்காணிப்பும் போதும்.

பி பிரிவு: அதிகக் காய்ச்சலுடன் கடுமையான தொண்டை வலி இருப்பவர்கள். அல்லது லேசான அறிகுறியே இருந்தாலும், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் நோய் உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள். பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்டர் ஒசெல்டாமிவிர் தொடங்கலாம்.

சி பிரிவு: மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, மயக்க நிலை, ரத்தம் கலந்த சளி, உதடு அல்லது நகம் நீலமாவது. பரிசோதனையும் ஆஸ்பத்திரியில் உடனடி அனுமதியும் தேவை.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறவர்கள் எல்லாம் பி பிரிவில் வருகிறார்கள். இவர்கள் காய்ச்சல் வந்த முதல் நாளே டாக்டரைப் பார்ப்பது நல்லது. மூன்று நாள் மெடிக்கல் மாத்திரையில் ஓட்டிவிட்டு நான்காம் நாள் வந்தால், ஒசெல்டாமிவிர் நன்றாக வேலை செய்யும் நேரம் கடந்துபோயிருக்கும்.

2025 ஜனவரியில் எச்.எம்.பி.வி. செய்தி பரவியபோது தமிழ்நாட்டில் சென்னையிலும் சேலத்திலும் இருவருக்குத் தொற்று உறுதியானது. உடனே 'அந்த டெஸ்ட் எடுக்கணுமா' என்று பலரும் கேட்டார்கள். 2001-லேயே கண்டறியப்பட்ட பழைய வைரஸ் அது. அதற்குத் தனி மருந்து இல்லை. டெஸ்ட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் லேசான பாதிப்புக்கு சிகிச்சை மாறப் போவதில்லை.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணிப் பாருங்கள். அழாமல் அமைதியாக இருக்கும்போது எண்ண வேண்டும்.

• 2 மாதத்துக்குள்: நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல்

• 2 மாதம் முதல் ஒரு வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்

• 1 முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

இந்த எண்ணிக்கை வந்தால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலும் நேரம் கடத்தக் கூடாது.

பெரியவர்களுக்கு மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவது, ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போவது அபாய அறிகுறிகள்.

இருமல் 2 வாரத்தைத் தாண்டினால்?

வைரஸ் இருமல் 3 வாரம்கூட போகலாம் என்பது உண்மைதான். ஆனாலும் 2 வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் இது இலவசம்.

திண்டுக்கல், வேடசந்தூர் பகுதி நூற்பாலைத் தொழிலாளர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கமும் இருமலும் வந்தால் அது வைரஸ் அல்ல, பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் பாதிப்பாக இருக்கலாம். 'சளி மாத்திரை' போட்டுக்கொண்டே இருந்தால் நோய் முற்றிவிடும். டாக்டரிடம் என்ன வேலை செய்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கே போகலாம்?

லேசான பாதிப்புக்குப் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையமே போதும். அடுத்த கட்டத்துக்கு வேடசந்தூர், நிலக்கோட்டை, பழனி உள்ளிட்ட ஊர்களில் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. மூச்சுத்திணறல் போன்ற தீவிர நிலைக்கு திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2022 ஜனவரி 12-ல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. அவசரத்துக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

வராமல் தடுக்க என்ன வழி?

இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசியை 6 மாதக் குழந்தை முதல் போடலாம். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். தமிழ்நாட்டில் மழைக்காலத்தில் ஃப்ளூ கூடுவதால் அதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி. தடுப்பூசி 2021 முதல் அரசு மருத்துவமனைகளிலேயே இலவசம். 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என மூன்று தவணை. எதையும் தவற விடக் கூடாது.

சளி பிடித்தவர் மாஸ்க் போடுவதும், அடிக்கடி கை கழுவுவதும், காய்ச்சல் உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பதும் மற்றவர்களைக் காக்கும். வீட்டில் கைக்குழந்தையோ வயதானவரோ இருந்தால் சளி பிடித்தவர் தனியாகப் படுப்பது நல்லது.

சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலான சளிக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், ஓய்வு, நீராகாரம் இவை மூன்றும் போதும். சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் ஆன்டிவைரல் தேவை. மிகச் சிலருக்கு ஆஸ்பத்திரி தேவை. பெயர் தெரியாத 'பவர் மாத்திரை' மட்டும் யாருக்கும் தேவையில்லை.